பச்சை பெஞ்சுல யார் உட்காரலாம்?

1910-ல, அமெரிக்காவோட புளோரிடா மாகாணத்துல ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகை ஒரு அறிவிப்பு வெளியிட்டது. என்னைக்கு நம்ம ஊர்ல வெயில் அடிக்கலையோ, அன்னைக்குப் பேப்பர் இலவசம்! பத்திரிகையோட பேர் ஈவினிங் இண்டிபெண்டன்ட். ஊர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1986-ல அந்தப் பத்திரிகை நின்னு போச்சு. அதுவரைக்கும் 76 வருஷத்துல, இலவசமாகக் கொடுக்க வேண்டி வந்த நாட்கள் 300-ஐக்கூடத் தொடலை. சராசரியா வருஷத்துக்கு நாலு நாள்.

மே மாசச் சென்னையில இதைக் கேட்டா சிரிப்பு வரும். நம்ம ஊர்ல வெயில் அடிச்சா மோர் இலவசம்னு சொன்னாத்தான் கூட்டம் சேரும். ஆனா வருஷத்துல பல மாசம் பனியை வாரிக்கொட்டி வழி பண்ணிட்டுத்தான் வாசலைத் தாண்டணும்னு இருக்கிற ஒரு ஆளுக்கு, அதுவும் மூட்டுவலி இருக்கிற 65 வயசு ஆளுக்கு, வெயில்ங்கறது விலை கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. அந்தச் சரக்கை ஒரு ஊர் எப்படி வித்தது, யாருக்கு விக்க மறுத்தது? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல வித்தவங்க டாக்டர்கள். 1885-ல வான் பிப்பர்ங்கற பால்டிமோர் டாக்டர், அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட கூட்டத்துல பேசினார். ஆரோக்கியத்துக்குன்னே ஒரு நகரம் கட்டணும்னா அதுக்கு ஏத்த இடம் புளோரிடாவோட மேற்குக் கரையில இருக்கிற பினெல்லஸ் முனைதான்னு சொன்னார். அப்போ அங்க ஊர்னு சொல்ற மாதிரி பெருசா ஒண்ணும் இல்லை. மூணு வருஷம் கழிச்சு ரயில் வந்தது. அந்த ரயில் பாதையைப் போட்டவர் பியோத்ர் தெமெந்தியேவ்னு ஒரு ரஷ்யர். தன்னோட நாட்டு நகரத்தோட பேரையே இந்த ஊருக்கும் வெச்சார். வெயிலுக்காகவே பேர் போகப்போற ஊருக்கு, பனியில உறைஞ்சு கிடக்கிற ஒரு நகரத்தோட பேர்!

அடுத்து பெஞ்ச். நோயல் மிட்செல்னு ஒரு ரியல் எஸ்டேட்காரர், தன் ஆபீஸ் வாசல்ல ஆரஞ்சு நிற பெஞ்சுகளைப் போட்டு, அதுமேலயே விளம்பரமும் எழுதி வெச்சார். வயசானவங்க உட்கார்ந்தாங்க, பேசினாங்க, அப்படியே மனை விலையும் விசாரிச்சாங்க. மத்த கடைக்காரங்க சும்மா இருப்பாங்களா? ஆளுக்கொரு கலர்ல பெஞ்ச் போட ஆரம்பிச்சாங்க. 1916-ல மேயர் ஆல் லாங், எல்லா பெஞ்சும் ஒரே அளவுல, ஒரே பச்சை நிறத்துல இருக்கணும்னு சட்டமே கொண்டுவந்தார். அதுக்கப்புறம் போஸ்ட் கார்டுகள்ல அந்த ஊர்னாலே பச்சை பெஞ்ச்தான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. 1930-ல அங்க ஒரு சாஃப்ட்பால் கிளப் தொடங்கினாங்க. விளையாடணும்னா குறைஞ்சது 75 வயசு ஆகியிருக்கணும். 'கிட்ஸ் அண்ட் கப்ஸ்'னு டீம் பேர். முதுமைன்னா மூலையில கட்டில்னு இருந்த காலத்துல இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனா இதுவரைக்கும் சொன்னது பெரும்பாலும் கையில காசு இருக்கிறவங்க கதை. குளிர்காலத்துக்கு வந்துட்டுத் திரும்பிப் போறவங்க. சாதாரண சம்பளக்காரங்க வேலையை விட்டுட்டு இங்கேயே குடியேறணும்னா மாசாமாசம் ஒரு வருமானம் வேணும். அதுக்கு வழி பண்ணினது 1935-ல வந்த சோஷியல் செக்யூரிட்டி சட்டம். முதல் மாதாந்திரக் காசோலை, 1940 ஜனவரியில ஐடா மே ஃபுல்லர்ங்கற பெண்ணுக்குப் போனது. தொகை 22 டாலர் 54 சென்ட். அந்தப் பணம் எந்த மாகாணத்துல இருந்தாலும் வரும், அதுதான் முக்கியம். பனியில உட்கார்ந்து வாங்குறதை கடற்கரையில உட்கார்ந்து வாங்கலாமே! 1924-லயே வருமான வரி, வாரிசு வரி ரெண்டும் கிடையாதுன்னு புளோரிடா தன்னோட அரசியல் சட்டத்துலயே எழுதி வெச்சிருந்தது. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வீட்டு ஏசி பரவ, ஆகஸ்ட் மாசப் புழுக்கத்தையும் சமாளிக்க முடிஞ்சது. வெயில் மட்டும் ஆட்களை இழுத்ததுன்னு சொல்றது பாதிக் கதைதான். பென்ஷனும் வரிச் சட்டமும் கம்ப்ரசரும் சேர்ந்து இழுத்தது.

இப்போ அந்த பெஞ்சுக்குத் திரும்ப வருவோம். அதுல கறுப்பின மக்கள் உட்கார முடியாது. அந்த ஊருக்கு ரயில் பாதை போட உழைச்சதுல அவங்க உண்டு. வெள்ளைக்காரங்க வீடுகள்லயும் ஹோட்டல்கள்லயும் வேலை செஞ்சதும் அவங்கதான். வேலை முடிச்சுக் கால் வலியோட நடந்து போகும்போது, தெருவெல்லாம் பெஞ்ச் இருக்கும். உட்கார மட்டும் இடம் இருக்காது.

கடலும் அப்படித்தான். நகரத்துக்குச் சொந்தமான ஸ்பா பீச்லயும் அங்க இருந்த நீச்சல் குளத்துலயும் அவங்களை விடலை. 1955-ல ஃப்ரெட் ஆல்சப்ங்கற கறுப்பின டாக்டரும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டாங்க. ஜெயிச்சாங்க. நகராட்சி மேல்முறையீட்டுக்குப் போச்சு. 1957-ல உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கவே மறுத்தது. 1958 ஜூன்ல 19 வயசுக் கறுப்பின இளைஞர் ஒருத்தர் அந்தக் குளத்துல இறங்கி நீந்தினார். உடனே நகராட்சி குளத்தையே மூடிடுச்சு! வெயிலையும் தண்ணியையும் வித்துப் பிழைச்ச ஊர், எல்லாருக்கும் கொடுக்கணும்னு வந்ததும் யாருக்குமே வேண்டாம்னு பூட்டுப் போட்டது. மறுபடி திறந்தது 1959-ல.

அடுத்த முறை ஒதுக்கப்பட்டது, யாரை வெச்சு ஊர் வளர்ந்ததோ அந்த வயசானவங்களே. 'கடவுளோட வெயிட்டிங் ரூம்'னு கிண்டல் பண்ண ஆரம்பிச்சாங்க. 1960-கள்ல ஊர்த் தலைவர்களுக்கு இளைஞர்களும் புதுத் தொழில்களும் வேணும்னு ஆசை. தெரு முழுக்க நரைச்ச தலையா இருந்தா எவன் கடை போடுவான்னு நினைச்சாங்க. பெஞ்சுகளுக்கு வேற வேற கலர் அடிச்சுப் பார்த்தாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துட்டாங்க. கிழவர்களைப் போகச் சொல்லி யாரும் சட்டம் போடலை. உட்கார இடம் இல்லாமப் பண்ணினாங்க, அவ்வளவுதான். இதுல எனக்கு வர்ற கோபம் கொஞ்சம் தனி. 50 வருஷமா அவங்களைப் போஸ்ட் கார்டுல போட்டு ஊரை வித்துட்டு, கடைசியில அவங்களையே பார்வைக்கு இடைஞ்சல்னு சொன்னா எப்படி?

ஆனாலும் வர்றவங்க வரத்தை நிறுத்தலை. இன்னைக்கு புளோரிடாவுல ஐந்துல ஒருத்தருக்கு மேல 65 வயசைத் தாண்டினவங்க. வர்றவங்களுக்கான ஆபத்து இப்போ கடல்ல இருந்தே வருது. 2022-ல இயான் புயல் தெற்கே ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் அடிச்சப்போ, செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க வயசானவங்க. 2024 செப்டம்பர் கடைசியில ஹெலீன் புயல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கரையோர வீடுகளுக்குள்ள கடல் தண்ணியைக் கொண்டுவந்தது. ரெண்டே வாரத்துல மில்டன் புயல் வந்து பேஸ்பால் ஸ்டேடியத்தோட கூரையைக் கிழிச்சது. வீட்டு இன்சூரன்ஸ் கட்டணம் ஏறிக்கிட்டே இருக்கு. நிலையான பென்ஷன்ல வாழ்ற ஒருத்தர் அதை எத்தனை வருஷம் கட்ட முடியும்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

அப்புறம் ஒரு விஷயம். அந்த ஊர்ல 'கிரீன் பெஞ்ச்'ங்கற பேர்ல இப்போ ஒரு பீர் கம்பெனி இருக்கு. வாரக்கடைசியில அங்க நல்ல கூட்டமாம். உங்க வயசுப் பசங்கதான்.