கியூபெக்கின் மோட்டார் சைக்கிள் கும்பல்களும் சட்டம் கற்ற பாடமும்

மோட்டார் சைக்கிள் பிரியர்கள் ஒன்றுகூடிக் கழகம் அமைத்துக்கொள்வது தன்னளவில் குற்றமாகாது. இத்தகைய கழகங்களில் மிகப் பெரும்பாலானவை சட்டத்துக்கு அமைவாகவே இயங்குகின்றன. எனினும், தம்மை 'ஒரு சதவீதத்தினர்' எனப் பெருமையுடன் அழைத்துக்கொண்டு, சட்டத்துக்குக் கட்டுப்படாமையையே தமது அடையாளமாக்கிக்கொண்ட கழகங்களும் உள்ளன. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றிய 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' இவற்றுள் மிகவும் அறியப்பட்டதாகும்.

இக்கழகம் 1977ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கால்பதித்தது. 1985இல் அதன் ஒரு கிளையைச் சேர்ந்த ஐவரை ஏனைய கிளையினரே கொன்று, சடலங்களை சென் லோரன்ஸ் நதியில் வீசினர். சொந்தச் சகாக்களையே கொல்லும் அமைப்பில் இணைய விரும்பாதோர் மறுவருடம் 'ரொக் மெஷின்' என்ற போட்டிக் குழுவை உருவாக்கினர்.

மொன்றியல் நகரின் போதைப்பொருள் வியாபாரத்தை முழுமையாகத் தமதாக்கிக்கொள்ள ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் முற்பட்டபோது, 1994இல் இரு தரப்புக்கும் இடையே வெளிப்படையான மோதல் வெடித்தது. மதுபானசாலைகள் எரிந்தன, வாகனங்களில் குண்டுகள் பொருத்தப்பட்டன. 2002 வரை நீடித்த இம்மோதல் 160க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது.

ஆரம்பத்தில் இதனைக் குற்றவாளிகளின் உட்பகையாகவே பலரும் நோக்கினர். 1995 ஓகஸ்ட் மாதம் ஜீப் வண்டி ஒன்றில் வைக்கப்பட்ட குண்டு வெடித்தபோது, மோதலுடன் எவ்விதத் தொடர்புமற்ற 11 வயதுச் சிறுவன் படுகாயமுற்று, நான்கு நாட்களின் பின்னர் உயிரிழந்தான். அதன் பின்னரே மக்களின் கோபம் அரசாங்கத்தை அசைத்தது. விசேட பொலிஸ் பிரிவு அமைக்கப்பட்டதுடன், 1997இல் கனேடியப் பாராளுமன்றம் குற்றவியல் அமைப்பின் செயற்பாடுகளில் பங்கேற்பதைத் தனிக்குற்றமாக்கியது. அமைப்பொன்றில் அங்கத்துவம் வகிப்பதை மட்டும் இச்சட்டம் குற்றமாக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் வன்முறை ஓயவில்லை. அதே ஆண்டில் இரு சிறைச்சாலை உத்தியோகத்தர்கள் கொல்லப்பட்டனர். அக்கொலைகளுக்கு உத்தரவிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கும்பல் தலைவர் மொறிஸ் புஷே 1998இல் விடுதலையானார். 2000 செப்டெம்பரில், இக்கும்பல்கள் பற்றித் தொடர்ந்து எழுதிவந்த பத்திரிகையாளர் மிஷேல் ஓஜே தமது பத்திரிகை அலுவலக வாகனத் தரிப்பிடத்தில் பலமுறை சுடப்பட்டும் உயிர் தப்பினார். அடுத்த மாதமே இரு தரப்புத் தலைவர்களும் பகிரங்கமாகச் சமாதானம் அறிவித்தனர். ஆனால் அந்த ஆண்டின் இறுதியில் ரொக் மெஷின் குழுவினர் 'பண்டிடோஸ்' என்ற சர்வதேசக் கழகத்தின் பக்கம் சேர்ந்ததும் அச்சமாதானம் குலைந்தது.

2001 மார்ச்சில் பாரிய சுற்றிவளைப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகினர். மேன்முறையீட்டின் பயனாக மீண்டும் விசாரிக்கப்பட்ட புஷே, 2002 மே மாதம் குற்றவாளியாகக் காணப்பட்டு ஆயுட்காலச் சிறைத்தண்டனை பெற்றார். 2022இல் கைதியாகவே உயிரிழந்தார்.

கதை இத்துடன் நிறைவடைந்திருந்தால் அது சட்டத்தின் முழு வெற்றியாகியிருக்கும். 2009இல் 150க்கும் மேற்பட்டோரை இலக்குவைத்த மற்றுமொரு பெரும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஆனால் விசாரணைத் தாமதத்தைக் காரணங்காட்டி 2011இல் 31 பேருக்கு எதிரான வழக்குகளை நீதிமன்றம் நிறுத்தியது. அரச தரப்பு சான்றுகளை உரிய காலத்தில் எதிர்த்தரப்பிடம் கையளிக்கத் தவறியமையால், 2015இல் ஐவருக்கு எதிரான கொலை வழக்கும் நிறுத்தப்பட்டது.

கியூபெக் கற்ற பாடம் இரண்டு. குற்றக் கும்பல்கள் தமக்குள் மோதி அழியட்டும் என ஒதுங்கியிருக்கும் சமூகம், அம்மோதலின் விலையைத் தன் பிள்ளைகளின் உயிரால் செலுத்த நேரிடும். அதேவேளை, நீதிமன்ற ஒழுங்குகளை அரசே பேணத் தவறினால், எத்துணைப் பெரிய சுற்றிவளைப்பும் இறுதியில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே சாதகமாகிவிடும். கும்பல்களின் பலத்தை முறியடிப்பது கைதுகளின் எண்ணிக்கையல்ல. நேர்மையாக நடத்தி முடிக்கப்படும் வழக்கேயாகும்.