பாதாளச் சாக்கடையும் ஈரறிவு உயிரும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. தொடுவுணர்வு மட்டும் உடையது மரம். நாவுணர்வும் சேர்ந்தால் ஈரறிவு. மூன்றாவது மூக்கு, ஆறாவது மனம். எங்கள் சமண நூல்கள் புழுவை ஈரறிவில் வைக்கின்றன. அந்தப் புழுவிடம் இன்று பொறியாளர்கள் பாடம் கேட்கிறார்கள்.

சாக்கடைக் குழாயில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டு. கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கே மரத்துப் போகும். நாற்றம் போச்சு என்று நினைப்பவன் மயங்கி விழுவான். மூன்றாம் அறிவு கைவிடும் அந்த இடத்துக்கு மென்தசை ரோபோ போகலாம். ரப்பர் உடலில் கண்ணி கண்ணியாகக் காற்றடைத்து மண்புழு மாதிரி ஊரும் வகை ஒன்று. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் காட்டியது, கொடி போல நுனியில் வளர்ந்துகொண்டே வளைவுகளில் நுழையும் வகை. நுனியில் கேமரா வைத்தால் அடைப்பும் விரிசலும் மேலே இருந்தே தெரியும்.

இதற்கு நம்ம கர்நாடகத்தில் ஒரு முன்கதை உண்டு. தமிழர் நிறைந்த கோலார் தங்கவயலில், துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் 1966-இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதை ஒழிக்கப் போராடி 2016-இல் மக்சேசே விருது பெற்றார். 1993 சட்டம் உலர் கழிப்பிடங்களைத் தடுத்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையில் ஆளை இறக்குவதைத் தடுத்தது 2013 சட்டம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சம் ஆக்கியது. 2025 ஜனவரி 29 அன்று பெங்களூர் உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதையே நிறுத்தச் சொன்னது.

சட்டம் முன்னே போக, இயந்திரம் பின்னே வந்தது. மேன்ஹோலைச் சுத்தம் செய்யும் 'பேண்டிகூட்' ரோபோ 2018-இல் திருவனந்தபுரத்தில் இறங்கியது; அது இயந்திரக் கையுடையது. மென்தசை ரோபோ பெரும்பாலும் பார்த்துச் சொல்லும். கசடை எடுக்க உறிஞ்சு வண்டி வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் குடியிருப்பில் ஒருமுறை குழாய் அடைத்தபோது, "ஆளை இறக்குங்க, சீக்கிரம் முடியும்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். பூச்சி விழுமே என்று பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவன், ஆறறிவு உயிரைப் பற்றி யோசிக்கவில்லை. நல்லவேளை, அன்று வந்த தொழிலாளியே மறுத்துவிட்டார்.

வாசகர்களை வேண்டுவது இதுதான்: வீட்டில் அடைப்பு வந்தால் வண்டியைக் கூப்பிடுங்கள், தாமதமானாலும் காத்திருங்கள். நாளை அந்த ரோபோவை இயக்கும் வேலை, இன்று குழிக்குள் இறங்குகிறவருக்கே கிடைக்கட்டும்.