வளவை கங்கையும் வழிமாறிய நீரும்

தாழ்விடம் நாடிச் செல்லுதல் நீரின் இயல்பு. அதனைத் தன் தேவைக்கேற்ற வழியிற் செலுத்துதல் மனிதனின் முயற்சி. ஒருவர் தேவைக்கென வழிமாற்றிய நீர் மற்றொருவர் வயலுக்குக் குறையாதோ என்னும் வினா இம்முயற்சியோடு உடன்பிறந்ததாகும். சப்பிரகமுவாவில் இவ்வினாவுக்குத் தக்க சான்று வளவை கங்கை.

மலைநாட்டின் தென்சரிவில் இறங்கும் வளவையும், ஓட்டன் சமவெளியிலே பிறக்கும் பெலிகுல் ஓயாவும் பலாங்கொடைப் பகுதியில் ஒன்றுகூடுகின்றன. மேலே தேயிலைத் தோட்டங்கள். கீழே கல்தொட்டையின் நெல்வயல்கள். இப்பள்ளத்தாக்கு பழந்தொழிற் களமுமாகும். நீர்த்தேக்கம் நிலத்தை மூடுமுன், 1990–91இல் ஜில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் நிகழ்த்திய அகழாய்வில், தென்மேற்குப் பருவக்காற்றின் விசையாலேயே இரும்புருக்கிய உலைகள் வெளிப்பட்டன. அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. காற்றைப் பயன்கொண்ட மலைச்சரிவிலே, பின்னாளில் நீரின் விசையும் பயன்கொள்ளப்பட்டது.

ஆறுகள் கூடுமிடத்திற்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 110 மீற்றர் உயரமான சமனலவெவ அணை 1992இல் நிறைவுற்றது. தேங்கிய நீர் 5 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கவழியாற் சென்று 120 மெகாவாற்று ஆற்றலுள்ள மின்னிலையத்தை இயக்குகின்றது. ஆயின், அங்கிருந்து வெளியேறும் நீர் கல்தொட்டை வாய்க்கால்களின் தலைப்பிற்குக் கீழேதான் ஆற்றைச் சேர்கின்றது. எனவே வயலுக்கு விட்ட நீர் மின்னாக்கத்திற்கு உதவாது. மின்னாக்கத்திற்குச் சென்ற நீர் அவ்வயலுக்குத் திரும்பாது.

இந்நிலையில், 1992 ஒற்றோபரில் வலக்கரையின் சுண்ணக்கற் குழிவுகளினூடே நீர் பீறிட்டது. 1998இல் நீர்த்தேக்கத்தின் அடியிற் களிமண் பரப்பியதனாற் கசிவு குறைந்ததேயன்றி முற்றாக நிற்கவில்லை. மின்னாக்கத்திற்கு இழப்பாகிய அந்நீர் ஆற்றிற் கலந்து, கல்தொட்டை உழவர்க்குப் பாசனமாயிற்று. பொறியியலாளர் குறையெனக் கண்டது உழவர்க்கு வாழ்வளித்தமை வியப்பன்றோ!

இத்தகைய முரண் வளவைக்கு மட்டும் உரியதன்று. நியூசிலாந்தின் தொங்காரிரோ எரிமலைத் தேசியப் பூங்காவிற் பிறக்கும் வங்கனுயி ஆற்றின் தலைநீர் 1970களில் மின்னாக்கத்திற்காகத் திருப்பப்பட்டது. ஆற்றைத் தம் முன்னோராகப் போற்றும் மவோரி மக்கள் நெடுங்காலம் வழக்காடினர். 2017இல் அவ்வாறு சட்டத்தின்முன் ஓர் ஆளாகவே ஏற்கப்பட்டது.

வளவையின் கீழ்ப்பகுதியில் உடவளவை நீர்த்தேக்கம் எழுந்தபோது இடமிழந்த விலங்குகட்கென 1972இல் தேசியப் பூங்கா அமைந்தது. ஆற்றின் பயனை அளப்போர் மெகாவாற்றை மட்டும் கணக்கிடுதல் போதாது. கரையில் வாழ்வோரின் உரிமையும் முதலிலேயே கணக்கில் இடம்பெறல் வேண்டும். கல்தொட்டைக்குக் கசிவு செய்த உதவியை இனித் திட்டமே செய்தல் முறை.