வேடியப்பன் நிற்கும் இடம்

பாப்பாரப்பட்டி என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் சுப்பிரமணிய சிவா. வத்தலக்குண்டில் பிறந்து, சிறையில் தொழுநோய் பெற்று, ஊர் ஊராக நடந்து, 1925 ஜூலை 23 அன்று அவர் கண்மூடிய ஊர் அது. நாமும் தருமபுரியிலிருந்து அவ்வூர்ப் பேருந்தில் முதன்முறை ஏறியது சிவாவின் நினைவிடத்தைக் காணத்தான். கண்டு வணங்கிவிட்டு, அடுத்த பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று மண்சாலையில் நடந்தபோது, கேழ்வரகுக் கொல்லையின் ஓரத்தில், புளியமரத்து நிழலில், இடுப்பளவு உயரமுள்ள ஒரு பலகைக்கல்லைக் கண்டோம். எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் ஏறி, கையில் வில் ஏந்திய ஒருவன் அதில் நின்றுகொண்டிருந்தான். காலடியில் பொங்கல் வைத்த கரிச்சட்டி ஒன்று கிடந்தது. "வேடியப்பன் சார்" என்றார் கொல்லைக்காரப் பெரியவர். அதற்குமேல் விளக்கம் ஏதும் தேவையென்று அவர் நினைக்கவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் வேடியப்பன் என்ற பெயரில் வழிபாடு பெறும் கற்களில் மிகப் பல நடுகற்களே என்பது வாசகர்கள் அறிந்ததுதான். ஆநிரை கவரச் சென்றோ, மீட்கச் சென்றோ, புலியோடு போரிட்டோ மாண்டவனுக்கு எடுத்த கல். அவன் பெயரும் ஊரும் மறந்து, கல் மட்டும் தெய்வமாகிவிட்டது. கல்லெடுக்கும் சடங்கைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறாகப் பகுக்கிறது. முதல் கட்டமாகிய காட்சி என்பதே, தகுந்த கல்லைத் தேடிக் கண்டடைவது என்பதைக் கவனிக்க வேண்டும். தேடலில் தொடங்கிய கல்லை, ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து நாம் மறுபடி தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தேடலைப் பற்றி எழுத அமர்ந்த நாம் இங்கிலாந்துக்குப் போக நேர்ந்ததற்குக் காரணம் நம் பழைய மாணவர் ஒருவர். அங்கே வேலை பார்க்கும் அவர், டார்ட்மூர் என்னும் பாறைக்காட்டு மேட்டுநிலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டி தேடி அலைவதாக எழுதியிருந்தார். வேடிக்கைதான் என்று சிரித்தோம். விவரம் படித்தபின் சிரிப்பு நின்றது.

1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, டார்ட்மூரில் எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் என்னும் சதுப்புப் பள்ளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். அவ்வளவு தொலைவு நடந்து வந்தவர் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் செல்லலாம். பின்னர் வந்தவர்கள் தம் முகவரி எழுதிய அஞ்சலட்டையை விட்டுச் சென்றார்கள். அடுத்து வருபவர் அதை எடுத்துச் சென்று தபாலில் சேர்ப்பார். அஞ்சல்பெட்டித் தேடல் என்ற பெயர் இப்படி வந்தது. 1905இல் அங்கே வருகைப் பதிவேடு வைத்தார்கள். காலப்போக்கில் ஒன்று பலவானது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ரப்பர் முத்திரை, ஒரு குறிப்பேடு. தேடி வருபவர் தம்மிடமுள்ள முத்திரையைப் பெட்டியின் ஏட்டில் குத்துவார், பெட்டியின் முத்திரையைத் தம் ஏட்டில் குத்திக்கொள்வார். அங்கிருந்து வேறெதையும் எடுப்பதில்லை. இடம் சொல்லும் குறிப்பும் விடுகதை போன்றது: இன்ன பாறையிலிருந்து இத்தனை பாகை, அங்கிருந்து இத்தனை அடி.

அடுத்தது நம் காலத்துக் கதை. செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் ஜிபிஎஸ் முறையில், பொதுமக்களின் கருவிக்கு மட்டும் வேண்டுமென்றே பிழை சேர்த்து வைத்திருந்த அமெரிக்க அரசு, 2000 மே மாதத் தொடக்கத்தில் அப்பிழையை நீக்கியது. நூறு மீட்டர்வரை தடுமாறிய கருவி, இருபது மீட்டருக்குள் காட்டத் தொடங்கிற்று. மே 3ஆம் நாளே, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டுவைத்து, அதன் அட்ச தீர்க்க ரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். ஒன்றை எடு, ஒன்றை வை என்பது விதி. ஜியோகேச்சிங் பிறந்துவிட்டது.

இரு கூட்டமும் ஒரே குன்றில் நடக்கத் தொடங்கியபோது மனக்கசப்பும் தொடங்கியது. கருவியோடு வந்தவர், தற்செயலாக அஞ்சல்பெட்டி ஒன்றைக் கண்டு, அதுவும் தம் வகையைச் சேர்ந்ததென்றே எண்ணி, முத்திரையை எடுத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்துவிட்டுப் போவார். யாரோ ஒருவர் பல நாள் உட்கார்ந்து கையால் செதுக்கிய முத்திரை அது. எடுத்தவர் திருடர் அல்லர். தம் விதிப்படி நேர்மையாகவே நடந்துகொண்டார். ஆனால் பெட்டி செத்துவிட்டது. பின்னாளில் முத்திரையும் எண்களும் சேர்ந்த கலப்புப் பெட்டி ஒன்றை ஜியோகேச்சிங்காரர்களே தனி வகையாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தது மைப்படி. கல்வெட்டின் மேல் நீர் தெளித்துத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தட்டி, ஈரம் உலரும் பதத்தில் மை ஒற்றினால், கருப்பில் வெள்ளையாக எழுத்து எழும். எழுத்தைத் தாளில் ஏற்றிக்கொள்கிறோம், கல்லிலிருந்து எதையும் எடுப்பதில்லை. முத்திரைக்காரர்களின் அறம் இதுவே அன்றோ. தமிழ்நாடு தொல்லியல் துறையினர் இப்படி ஊர் ஊராக, கொல்லை கொல்லையாக நடந்து சேர்த்தவைதாம் இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள் (1972), தருமபுரிக் கல்வெட்டுகள் (1975) ஆகிய தொகுப்புகள். பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் என்று நாற்புறமும் இழுபட்ட எல்லைநாடு இது. அரசர் போர் ஒருபுறம் இருக்க, ஊர்களுக்கிடையே மாட்டு மந்தைக்காக நடந்த சண்டைகளும் அவற்றில் இறந்தவர் பெயரும் இக்கற்களில் அன்றி வேறெங்கே கிடைக்கும்? எடுத்தனூர்க் கல், வீரனோடு அவனுடைய நாயையும் கோவிவன் என்று பெயர் சொல்லி நிறுத்தியிருக்கிறது. நாய்க்குப் பெயர் எழுதிய நாட்டில் தம் பாட்டன் பெயர் தெரியாதவர் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்பது நம் வழக்கம்.

பிறகு கைபேசி வந்தது. இன்று ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஒரே நாளில் பத்துக் கற்களைப் பார்த்து, படமெடுத்து, இருப்பிடத்தோடு பொதுவில் ஏற்றிவிடுகிறார். மைப்படிக்காரர்கள் இவர்களைச் சற்று ஏளனமாகப் பார்ப்பதுண்டு. நாம் அவ்வாறு பார்க்கவில்லை. சாலை அகலப்படுத்தும் இயந்திரத்துக்கும், கிரானைட் உடைக்கும் வெடிக்கும் முன்னால் இன்ன இடத்தில் ஒரு கல் இருந்தது என்பதற்குச் சான்றாக அந்த எண்கள் மட்டுமே எஞ்சும் என்பது நம் எண்ணமாயிருந்தது. ஆகவே பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் நாம் கண்ட கல்லுக்கும் அவ்வாறே செய்தோம். பெரியவரின் இசைவோடு பிசுக்கை நீக்கினோம். நான்கு வரி வட்டெழுத்து வெளிப்பட்டது. மந்தையைக் குறிக்கும் தொறு என்ற சொல்லும், பட்டான் என்ற சொல்லும் தெளிவாக இருந்தன. பெயர் தேய்ந்திருந்தது. மைப்படி எடுத்தோம், படமெடுத்தோம், ரேகை எண்களையும் இருப்பிடத்தையும் சேர்த்து நண்பர்கள் பார்க்கும் பக்கத்தில் இட்டோம். பாராட்டுகள் வந்தன. மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்.

ஐந்து மாதம் கழித்துச் சென்றபோது புளியமரத்தடியில் ஆளுயரக் குழி. கல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, மேல்முனை சிதைந்திருந்தது.

"எழுத்து இருக்குதுன்னு நீங்க சொல்லித்தான் சார் எங்களுக்கே தெரியும்" என்றார் பெரியவர். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எழுத்து இருந்தா அடியில பொருள் இருக்கும்னு ராத்திரியில வந்து தோண்டியிருக்கானுங்க. எங்க பாட்டன் காலத்துலேருந்து ஒருத்தனும் தொட்டதில்லை."

நடுகல்லின் அடியில் புதையல் இருக்கும் என்ற நம்பிக்கை பழையது. பாண்டவர் வீடு என்று மக்கள் சொல்லும் பெருங்கற்காலக் கல்திட்டைகள் பல இப்படித்தான் பிளந்து கிடக்கின்றன. பூமிக்கடியில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. நள்ளிரவில் கடப்பாரை பிடிப்பவன் சட்டம் படித்தா வருகிறான்? அவனுக்கு வழி காட்டியது நம் எண்களா, வேறு வாய்ச்சொல்லா என்பதை நிறுவ இயலாது. ஆனால் ஒரு கல்லின் எண்ணெய்ப் பிசுக்கைப் பாழ் என்று நினைத்து நீக்கியவர் நாம். அந்தப் பிசுக்கு அதன் கவசமாகவும் இருந்திருக்கிறது.

டார்ட்மூர்க்காரர்களின் ஒழுக்க விதியில் ஒன்று நம்மை அன்றிரவு தூங்கவிடவில்லை. தொல்சின்னம் எதனுள்ளும், கல்வரிசைகளின் அருகிலும் பெட்டி வைக்கக் கூடாது என்பது அவ்விதி. ஜியோகேச்சிங்காரர்களுக்கும் பெட்டியை மண்ணில் புதைக்கத் தடை உண்டு. தேடி வருபவன் மண்வெட்டியோடு வரக்கூடாதென்பதே நோக்கம். பொழுதுபோக்குக்குத் தேடுகிறவர்கள் எழுதி வைத்துக்கொண்ட இந்த எச்சரிக்கை, வரலாற்றுக்காகத் தேடுகிற நம்மிடம் இல்லாமற்போனது எப்படி?

நண்பர்களிடையே இது குறித்து விவாதம் இன்னும் ஓயவில்லை. மறைத்தால் கல் சத்தமின்றி அழியும் என்று ஒரு சாரார், சொன்னால் சத்தத்தோடு அழியும் என்று மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. நாம் இப்போது ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். முழு விவரத்தைத் தொல்லியல் துறைக்கு எழுதி அனுப்புகிறோம், பொதுவில் ரேகை எண்கள் இடுவதில்லை. கல்லைத் தொடுமுன் வழிபடுவோரிடம் கேட்பது என்பதை வெறும் மரியாதைக்காக இல்லாமல் உண்மையான கேள்வியாகக் கேட்கிறோம். வேண்டாம் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள், திரும்பி வந்திருக்கிறோம். அதியமான் அஞ்சிக்குக் கல் நட்டுப் பீலி சூட்டியதைக் கண்ட ஔவையார், அக்கல்லுக்கு வார்க்கும் சிறுகலத்துக் கள்ளை அவன் ஏற்பானோ என்று புறநானூற்றில் (232) நொந்து கேட்கிறார். அதே தகடூர் நாட்டில், படைப்பவரைக் கேளாமல் கல்லின் மேல் கை வைத்தோம்.

கல்லை ஊரார் மீண்டும் நிறுத்திவிட்டார்கள். இனி எவனும் அசைக்கக் கூடாதென்று அடியில் சிமெண்டுத் தளம் போட்டார்கள். தளம் சற்று உயரமாகிவிட்டதால் எழுத்தின் கடைசி இரண்டு வரிகள் சிமெண்டுக்குள் போய்விட்டன. அவை இப்போது இருப்பது நம் அலமாரியில் சுருட்டி வைத்த மைப்படியில்தான். கடந்த பொங்கலுக்குச் சென்றபோது பெரியவர் அதற்கொரு நகல் கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். புளியமரத்துப் பக்கத்துக் கொட்டகையில், சட்டமிட்டு, மாலை போட்டு மாட்டியிருக்கிறார்கள். தாளின் மீதும் மஞ்சள் தெளித்தாயிற்று.