கையெழுத்து போட்டா அரசியலமைப்பு மாறுமா?

இந்த எபிசோடை வத்தலக்குண்டுல இருந்து பேசுறேன். கொடைக்கானல் பஸ்ஸுக்கு நிக்கிறப்போ ஒரு காலேஜ் தம்பி கேட்டார்: "அண்ணே, நாம லட்சம் பேர் கையெழுத்து போட்டா அரசியலமைப்பை மாத்த முடியாதா?" சுப்பிரமணிய சிவா பிறந்த ஊராச்சே, கேள்வி பெருசாத்தான் வரும்!

நேர் பதில்: முடியாது. 368-வது பிரிவுப்படி திருத்த மசோதாவை நாடாளுமன்றத்துலதான் கொண்டுவரணும். சுவிட்சர்லாந்துல 18 மாசத்துக்குள்ள ஒரு லட்சம் கையெழுத்து சேர்த்தா, மக்களே திருத்தத்தைக் கொண்டுவரலாம். அமெரிக்காவில் ஒஹாயோ மாதிரி சில மாநிலங்களிலும் அந்த உரிமை இருக்கு.

ஆனா நம்ம அரசியலமைப்போட முதல் திருத்தத்துக்கே ஒரு காரணம் சென்னை மாநிலத்துத் தெருதான். அப்போ கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி பிரிக்கப்பட்டன. 14 இடம்னா பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், பிராமணர்கள், ஆதிதிராவிடர்களுக்குத் தலா 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் உயர்நீதிமன்றம் 1950 ஜூலையில் இந்த ஆணை செல்லாதுன்னு சொன்னது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

பெரியார் தலைமையில திராவிடர் கழகம் போராட, திமுகவும் களத்துல இறங்கியது. பிரதமர் நேருவே நாடாளுமன்ற விவாதத்துல, இந்தப் பிரச்சினை சென்னையில் நடந்த சம்பவங்களால் எழுந்ததுன்னு ஒத்துக்கிட்டார். 1951 ஜூன் 18 அன்று முதல் திருத்தம் அமலுக்கு வந்து, இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) சேர்ந்தது.

இங்கதான் கொஞ்சம் நிக்கணும். அதே திருத்தத்துல பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் புதுக் காரணங்களும் சேர்ந்தன. சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகையைத் தடை செய்ததை உச்சநீதிமன்றம் 1950-ல் ரத்து செய்திருந்தது. அதுக்கான பதிலும் இந்த மசோதாவுக்குள்ளயே வந்தது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காப்பாற்ற ஒன்பதாவது அட்டவணையும் வந்தது. வகுப்புவாரி உரிமை கேட்டு தெருவுக்கு வந்தவங்க, பேச்சுரிமையைக் குறைங்கன்னு கேட்கலை. கோரிக்கை மக்களோடது, பேனா அரசோட கையில.

பேனா மக்கள் கையில இருந்தா சண்டை வேற மாதிரி வரும். ஒஹாயோவில் மக்கள் திருத்தம் நிறைவேற பாதிக்கு மேல ஒரு ஓட்டு போதும். அதை 60 சதவீதமா உயர்த்தணும்னு சட்டமன்றம் கேட்டது. கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் நவம்பர்ல ஓட்டுக்கு வர இருந்த நேரம் அது. 2023 ஆகஸ்ட் 8 அன்று சுமார் 57 சதவீதம் பேர் அந்த யோசனையை நிராகரிச்சாங்க. விதி மக்களோடதா இருந்தாலும் அதுக்குக் காவல் நிக்க வேண்டியிருக்கு.

தம்பிகிட்ட கடைசியா சொன்னது இதுதான்: "கையெழுத்து வாங்குங்க. கூடவே, மசோதாவில் என்னென்ன வரிகள் இருக்குன்னு ஒண்ணு விடாம படிங்க."

பஸ் வந்துருச்சு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.