நபூ கிரகத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவு

'ஸ்டார் வோர்ஸ்' பார்த்தவர்களுக்கு அந்தக் கலியாணம் ஞாபகம் இருக்கும். பின்னால் மலைகள், கீழே ஏரி, மாளிகை முற்றத்தில் அனகினும் பத்மேயும் ரகசியமாகக் கைபிடிக்கிற காட்சி. படத்தில் அந்த இடம் நபூ கிரகம். உண்மையில் அது வட இத்தாலியில், கோமோ ஏரிக்கரையில், லென்னோ என்ற ஊரில் இருக்கிற பல்பியானெல்லோ மாளிகை.

அந்தப் படம் வந்தது 2002இல். 2006இல் வந்த 'கசினோ ரோயல்' படத்தில் அடிபட்ட ஜேம்ஸ் பொண்ட் உடம்பு தேறுவதும் இதே தோட்டத்தில்தான். இப்ப கன பேர் அங்க போறது அந்தக் காட்சிகள் எடுத்த இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுக்கத்தான். அதில் பிழையில்லை. நானும் எடுப்பன்.

ஆனால் மாளிகைக்குப் படத்தை விடப் பழைய கதை இருக்கு. முதலில் அது பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம். அவர்களுடைய தேவாலயத்தின் இரண்டு கோபுரங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் துரீனி என்ற கர்தினால் அதை மாளிகையாக்கினார். கடைசி உரிமையாளர் குவீதோ மொன்சீனோ, 1973இல் எவரெஸ்ட் ஏறிய இத்தாலியக் குழுவின் தலைவர். 1988இல் அவர் இறந்தபோது மாளிகை இத்தாலியின் மரபுரிமை அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் நாங்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போகக்கூடியதாக இருக்கு.

போட்டோ எடுத்து முடிஞ்சுதா? இப்ப மற்றப் பக்கம் திரும்பிப் பாருங்கோ. ஏரிக்குள் மரங்கள் மூடின ஒரு சின்னத் தீவு தெரியும். பெயர் கொமாசினா.

12ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டையும் தேவாலயங்களும் வீடுகளுமாக ஒரு ஊர் இருந்தது. கோமோ நகருக்கும் மிலானுக்கும் சண்டை வந்தபோது தீவு மிலான் பக்கம் நின்றது. 1127இல் கோமோ தோற்று எரிந்தது. 1162இல் பேரரசன் பார்பரோசா மிலானை அழித்தான். தீவுக்குத் துணை இல்லாமல் போச்சு. 1169இல் கோமோக்காரர் வந்து பழி தீர்த்தார்கள். எல்லாவற்றையும் கொளுத்தினார்கள். அங்கே திரும்பக் கட்டக்கூடாது என்று 1175இல் பேரரசன் கட்டளையும் போட்டான். அந்த ஊர் பிறகு எழும்பவே இல்லை.

தப்பினவர்கள் ஏரியைக் கடந்து கிழக்குக் கரையில் இருக்கிற வரென்னாவில் அடைக்கலம் தேடினார்கள். அதனால் அந்த ஊருக்குப் 'புதிய தீவு' என்று ஒரு பெயர் வந்தது. வரென்னா தீவே இல்லை, கரையோர ஊர். ஆனாலும் அந்தப் பெயர். இழந்த ஊரின் பெயரைப் போற இடத்துக்கும் கொண்டு போறது எங்களுக்கு விளங்காத விஷயமா?

இன்றைக்கு வரென்னாவின் நிறம் நிறமான வீடுகளை இன்ஸ்டகிராமில் பார்க்காதவர்கள் குறைவு. அது இடம்பெயர்ந்தவர்களை ஏற்றுக்கொண்ட ஊர் என்பது போட்டோவில் தெரியாது.

கரையில் இருக்கிற சனம் ஆனால் மறக்கேல்ல. ஒவ்வொரு ஜூன் மாதமும் புனித யோவான் திருநாளை ஒட்டி, நத்தை ஓடுகளில் எண்ணெய் விட்டு விளக்கேற்றி ஏரியில் மிதக்க விடுவார்கள். பிறகு தீவுக்கு மேலே வாணவேடிக்கை. வானம் சிவக்கிறது 1169இல் ஊர் எரிந்ததை நினைவுபடுத்த.

நபூவைப் பார்க்கப் போற ஆட்கள், முடிஞ்சால் அந்த இரவில் போங்கோ.