செய்யாற்றங்கரைப் பனை

சவ்வாது மலையில் தோன்றிப் பாலாற்றில் கலக்கும் செய்யாற்றின் கரையில் அமைந்தது திருவத்திபுரம் நகராட்சி. ஆற்றின் பெயரே ஊர்ப்பெயராகவும் வழங்குகிறது. பழம்பெயர் திருவோத்தூர்; 'ஓத்து' என்பது வேதத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொல்.

இங்குள்ள வேதபுரீசுவரர் கோயிலில் 7-ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் பதிகம் பாட, ஆண்பனைகள் காய்த்தன என்கிறது 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். அடியார் ஒருவர் வளர்த்த அப்பனைகள் காய்க்குமோ என நகைத்தவர்கள் சமணர்கள் என்றும் அது உரைக்கிறது.

இக்கதை கேட்டு நம் பிள்ளைகள் மனம் குன்ற வேண்டா. நம் சமயத்தை மறுத்த நூலே, நம் முன்னோர் இவ்வூரில் வாழ்ந்தனர் என்ற நினைவையும் காத்துத் தந்துள்ளது. இவ்வட்டாரத்துக் கரந்தையிலும் திருப்பணமூரிலும் நம் சினாலயங்கள் இன்றும் நிலைத்துள்ளன. பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வோர், செய்யாற்றங்கரையையும் காட்டி வருவாராக.